சீனப் பாணி மொறுமொறு மாட்டுக்கறி: ஓர் ஒழுங்குமுறை ஆய்வு

1. ஆய்வின் எல்லை

கும்பகோணம் சாலையில், கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகில் உள்ளது மீன்சுருட்டி. இத்தகைய ஊரின் வீட்டு அடுப்பில், இங்கு கிடைக்கும் கறியைக் கொண்டு சீனப் பாணி மொறுமொறு மாட்டுக்கறியைச் செய்வதற்குரிய முறையை இங்கே வகுக்கிறோம். எந்தச் செயலுக்குப் பின் எந்தச் செயல் வரவேண்டும் என்பதே இதன் மையக் கேள்வி.

2. வரையறை

ஈரம் பெருமளவு நீங்கிய மெல்லிய புறப்படை, பல்லின் அழுத்தத்துக்கு வளையாமல் சட்டென முறியும் இயல்பை மொறுமொறுப்பு என்கிறோம். துண்டு முழுவதும் வறண்டு இறுகுவது கடினத்தன்மை, அது வேறு. அகத்திலிருந்தோ சாற்றிலிருந்தோ ஆவியிலிருந்தோ நீர் புறப்படைக்கு நகர்வதை ஈரப்பெயர்ச்சி எனக் குறிப்போம். புறம் உலர்ந்தும் அகம் மென்மையாகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒருங்கே அமைந்தால்தான் பண்டம் நிறைவுறும்.

3. கறியின் இயல்பு

1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, மாட்டை அறுக்கச் சான்றிதழ் வேண்டும். பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாதது, அல்லது காயத்தாலோ நோயாலோ நிரந்தரமாகச் செயலிழந்தது என்பதே அச்சான்றின் அடிப்படை. எனவே நம் கடைக்கு வருவதில் முதிர்ந்த கறியே மிகுதி. வயது ஏற ஏற, தசைநார்களைப் பிணைக்கும் கொலாஜன் என்னும் இணைப்புப் புரதத்தின் கட்டுகள் உறுதிப்படும். நீர்ச்சூட்டில் நெடுநேரம் வெந்தால்தான் அது இளகிக் கூழாகும். பொரிக்கும் சில நிமிடங்கள் அதற்குப் போதா. இளங்கறியைப் பச்சையாகவே பொரிக்கும் செய்முறையை இங்கு அப்படியே கையாண்டால் தோல்வி வருவது இதனால்தான்.

4. வகைகள்

இப்பண்டம் இருவகைப்படும். மாவின்றிக் கறியின் ஈரத்தை வாணலியிலேயே வற்றவிட்டு வறுப்பது உலர்வறுவல். சீனத்தின் சிச்சுவான் மாநில மரபு இது. மாவு பூசிப் பொரித்துச் சாற்றில் புரட்டுவது காப்பு வறுவல். முதல் வகையில் மெல்லும் தன்மை மிகும். இரண்டாவதில் முறியும் தன்மை மிகும். நாம் எடுத்துக்கொண்டது இரண்டாவது.

5. படிநிலைகள்

அ. மென்மையாக்கல். அரைக் கிலோ எலும்பில்லாத தொடைக்கறியை முழுத்துண்டாக உப்பு, இஞ்சி, பூண்டுடன் குக்கரில் வேகவைக்க வேண்டும். கத்திமுனை எளிதில் இறங்க வேண்டும். ஆனால் நார் பிரியக் கூடாது.

ஆ. வெட்டல். நன்றாக ஆறியபின், நாரோட்டத்துக்குக் குறுக்காக அரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்ட வேண்டும். சூட்டோடு வெட்டினால் துண்டு உதிரும்.

இ. காப்பிடல். துண்டுகளைத் துணியால் ஒற்றி, சிறிது சோயா சாஸும் ஒரு முட்டையின் வெள்ளைக்கருவும் கலந்து, கார்ன்ஃபிளவரில் புரட்ட வேண்டும். பெரம்பலூர் வட்டார மக்காச்சோளத்தை அப்படியே அரைத்த மாவு இதற்கு ஆகாது; மக்காச்சோளத்திலிருந்து பிரித்த வெண்ணிற மாவுச்சத்தே வேண்டும்.

ஈ. இருமுறை பொரித்தல். சுமார் 160 பாகை செல்சியஸ் சூட்டில் முதற்பொரிப்பு மாவைப் பசையாக்கி உறையச் செய்யும். எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டால் அக ஈரம் புறத்துக்கு வரும். சுமார் 190 பாகையில் இரண்டாம் பொரிப்பு அந்த ஈரத்தை விரட்டிப் பொன்னிறம் தரும். வீட்டு அடுப்பின் வெப்பம் குறைவு. ஒரே நேரத்தில் நிறையப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கிவிடும். ஆகவே சிறு பகுதிகளாகப் போடுவது கட்டாயம்.

உ. புரட்டல். வேறொரு வாணலியில் பூண்டு, காய்ந்த மிளகாய், குடைமிளகாயை வதக்கி, சோயா சாஸ், வினிகர், சர்க்கரை சேர்த்து, கரண்டியில் ஒட்டும் அளவுக்குச் சுண்டவைக்க வேண்டும். பிறகே கறியைக் கொட்டி, அரை நிமிடத்துக்குள் புரட்டி, வெங்காயத்தாள் தூவி இறக்க வேண்டும்.

6. மொறுமொறுப்புக் குன்றும் காரணங்கள்

காரணங்கள் மூன்று. முதலாவது அகக்காரணம்: இரண்டாம் பொரிப்பைத் தவிர்த்தால் உள்ளீரம் காப்பை நனைக்கும். இரண்டாவது புறக்காரணம்: சாறு நீர்த்திருந்தால் காப்பு அதை உறிஞ்சும், சர்க்கரையோடு சுண்டிய சாற்றில் ஊறும் நீர் குறைவு. மூன்றாவது சூழற்காரணம்: மூடிவைத்தால் ஆவி நீராகித் துண்டின்மேல் படியும். மூன்றும் ஈரப்பெயர்ச்சியின் வெவ்வேறு வழிகளே.

7. முடிவு

மென்மைக்கு நீர் வேண்டும். மொறுமொறுப்புக்கு நீர் நீங்க வேண்டும். முரண்படும் இவ்விரண்டையும் ஒரே சட்டியில் ஒரே நேரத்தில் பெற இயலாது. முன்பின்னாகப் பிரித்தால் பெறலாம். முதிர்ந்த கறியும் வீட்டு அடுப்பும் இப்பண்டத்துக்குத் தடையல்ல. குக்கர் முதலில், எண்ணெய் அடுத்து, சாறு இறுதியில் என்னும் வரிசையைக் காத்தால், மீன்சுருட்டியின் சமையற்கட்டிலும் இது முழுமையாகக் கைகூடும்.