ஆராய்ச்சிக்கு இடம் தேடியவர்கள்

"சார், பிஎச்.டி.க்கு யாரைப் பிடிக்கணும்?" என்று இன்றைய மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. யாரையும் பிடிக்க வேண்டாம் தம்பி. நமக்கு முன்னே போனவர்கள் எப்படிப் போனார்கள் என்று பார்த்தாலே பாதி வழி தெரிந்துவிடும். அதைத்தான் இந்த மலரில் எழுத நினைத்தேன்.

1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கணக்கெழுதும் குமாஸ்தா இராமானுஜன். பட்டம் கிடையாது. கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் இருவரிடமிருந்தும் உதவி கிட்டவில்லை. அப்புறம்தான் 1913 ஜனவரி 16-இல் ஹார்டிக்கு எழுதினார். தன் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, பக்கம் பக்கமாகத் தேற்றங்களை வைத்தார். சிபாரிசுக்குப் பதில் வேலையே பேசியது.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். உள்ளூரில் நடந்ததைப் பலர் கவனிப்பதில்லை. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னை வந்தபோது இராமானுஜனின் நோட்டைப் பார்த்தார். பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்து எழுதினார். முதுகலைப் பட்டம் இல்லாதவருக்கு உதவித்தொகை தர விதி இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் அன்றிருந்தவர்கள் வழி கண்டுபிடித்து மாதம் 75 ரூபாய், இரண்டு வருஷத்துக்குக் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கொரு அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. ஆராய்ச்சி மாணவன் என்றால் இன்றைக்கும் அதே கணக்குத்தானே!

சந்திரசேகர் கதை வேறு. 1928-இல் சென்னை வந்த சோமர்ஃபெல்டைச் சந்தித்தபோது, தான் படித்த அணு இயற்பியல் பழசாகிவிட்டது என்று தெரிந்துகொண்டார். சோர்ந்துபோகாமல் புதியதைப் படித்து, 1929-இல் ஒரு கட்டுரை எழுதி கேம்பிரிட்ஜ் ஃபௌலருக்கு அனுப்பினார். 1930-இல் அரசு உதவித்தொகையுடன் கப்பலேறி அவரிடமே சேர்ந்தார். 1933-இல் பிஎச்.டி. தலைச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள், ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகையில் மிச்சிகன் போய் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அப்படியொரு உதவித்தொகை இருப்பதைத் தெரிந்துகொள்வதே பாதி வெற்றி.

எங்கள் காலத்தில் துறையின் அறிவிப்புப் பலகையும் எம்ப்ளாய்மென்ட் நியூஸும்தான் கதி. போஸ்டல் ஆர்டர், சுயவிலாசமிட்ட உறை, பிறகு தபால்காரருக்காகக் காத்திருப்பு. இன்று ஒரு நொடியில் மின்னஞ்சல் போகிறது. ஆனால் ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் ஐம்பது பேருமே படிக்க மாட்டார்கள். பேராசிரியரின் கட்டுரை இரண்டையாவது படித்து, அதில் உங்களுக்கு எழுந்த கேள்வியை எழுதுங்கள். அவரிடம் முன்பு படித்தவர்களைக் கேளுங்கள்: எத்தனை வருஷம் ஆச்சு? உதவித்தொகை மாதாமாதம் வந்ததா? இப்போது எங்கே இருக்கிறார்கள்?

நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்றால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். வீட்டில் "இன்னும் எத்தனை நாள் படிப்பே?" என்று கேட்கும் பெற்றோருக்கு, குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கு, இந்தத் தொகையைச் சொல்லுங்கள். உதவித்தொகையே இல்லாத இடத்தில் சேருமுன் இரண்டு தடவை யோசியுங்கள்.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆய்வுக்கூடங்களில் இருப்பவர்கள் ஆண்டுக்கொரு மாணவரின் விண்ணப்பத்தையாவது வாங்கிப் படித்துத் திருத்திக் கொடுங்கள். வாக்கர் செய்ததும் அவ்வளவுதான்: ஒரு நோட்டைப் புரட்டிப் பார்த்தார், ஒரு கடிதம் எழுதினார்.