திருமலைக் கல்வெட்டுத் தொகுதிகளும் மின்பதிப்பும்

திருமலை திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகள் பெரும்பாலும் தமிழில் அமைந்தவை. சாது சுப்பிரமணிய சாஸ்திரி, வி. விசயராகவாச்சாரியார் ஆகியோரின் உழைப்பால் இவை 1930களில் தேவஸ்தானத்தின் வெளியீடாக ஆறு தொகுதிகளில் வந்தன. (திருப்பதி அன்று சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது, 2022இல்தான் தனி மாவட்டமாயிற்று.) முதல் தொகுதி தொடக்ககாலத்துக்குரியது; ஏனையவை சாளுவ நரசிம்மர் முதல் வேங்கடபதிராயர் வரை அரசர் காலத்தால் பகுக்கப்பட்டவை.

இப்பகுப்பு அரசியல் வரலாற்றுக்குத் துணைபுரியும். கோயில் வரலாற்றுக்கு அத்துணை உதவாது. அன்னமாச்சாரியாரின் மகன் தாளப்பாக்கம் பெரிய திருமலையாரின் கொடைகள் அச்சுதராயர் (1529-1542), சதாசிவராயர் ஆகிய இருவர் காலத்திலும் தொடர்ந்தன. கொடையாளர் ஒருவரே, அரசர் மாறியமையால் நான்காம், ஐந்தாம் தொகுதிகளில் பிரிந்து கிடக்கிறார். திருப்போனகம், அமுதுபடி முதலிய சொற்களின் வழக்காற்றை ஆராய்வோர் ஆறு நூல்களையும் புரட்டியாக வேண்டும். ஆதலின், மின்னூலாக்குங்கால் தனித்தனி நூல்களினும் ஒரே பெருந்தொகுப்பே தக்கது என்பது என் கருத்து.

எனினும் ஒன்று கருதத்தக்கது. ஒவ்வொரு தொகுதியிலும் கல்வெட்டெண் புதிதாகத் தொடங்குகிறது. ஆய்வேடுகள் தொகுதியெண், கல்வெட்டெண் இவற்றைக் கொண்டே இதுவரை சான்று காட்டியுள்ளன. பெருந்தொகுப்பில் தொடரெண் மட்டும் இடின், அச்சான்றுகள் அனைத்தும் இடம் தவறும். திரையின் அளவுக்கேற்பப் பக்கம் மாறும் மின்னூலில் பக்க எண்ணும் கைகொடாது. எனவே ஒவ்வொரு கல்வெட்டின் தலைப்பிலும் பழைய தொகுதியெண், கல்வெட்டெண், அச்சுப் பக்க எண் ஆகிய மூன்றும் இடம்பெறல் வேண்டும்.