பாலும் கொலையும்

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். பால் குடிக்கும் பருவத்துக்கு மட்டும் இந்தப் பழமொழி செல்லாது. தாய் குடித்த கஞ்சிதான் அங்கே பிள்ளைக்குப் பாலாகிறது. இருவருக்கும் நடுவே வியாபாரத்தின் கை நுழைந்தால் என்ன ஆகும்? அதைக் கண்ணால் கண்டு, பயப்படாமல் சொன்னவர் டாக்டர் ஸிஸிலி வில்லியம்ஸ்.

1893-ல் ஜமைக்காவில் பிறந்தவர் அவர். மேற்கு ஆப்பிரிக்காவில், இன்று கானா என்று வழங்கும் கோல்ட் கோஸ்டில், பிரிட்டிஷ் அரசாங்க டாக்டராக இருந்தார். உடல் வீங்கி, தோல் உரிந்து, தலைமயிர் நிறம் மங்கி அங்கே குழந்தைகள் இறந்துகொண்டிருந்தன. அந்த நோய்க்குப் பெயர் என்ன என்று அவர் தாய்மார்களையே கேட்டார். 'க்வாஷியோர்க்கர்' என்றார்கள். அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்த குழந்தைக்கு வருவது என்று பொருள். காரணம் அந்தப் பெயரிலேயே இருந்தது. தாய்ப்பாலை இழந்த குழந்தைக்கு வெறும் மக்காச்சோளக் கஞ்சிதான் கிடைத்தது, சத்து இல்லை. 1935-ல் அவர் எழுதிய கட்டுரை மூலம் அந்தச் சொல் வைத்திய சாஸ்திரத்தில் ஏறிவிட்டது. படிக்காத தாய்மாரிடம் பாடம் கேட்ட அந்தப் பணிவைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

பிறகு அவரை மலேயாவுக்கு மாற்றினார்கள். அங்கே அவர் கண்டது வறுமை மாத்திரம் அல்ல. நர்ஸ் உடை அணிந்த பெண்கள், பிள்ளை பெற்ற வீடுகளைத் தேடிப் போனார்கள். டப்பாவில் அடைத்த இனிப்புப் பால் தாய்ப்பாலைவிட உயர்ந்தது என்று சொன்னார்கள். வெள்ளை உடுப்பைக் கண்டால் யார்தான் நம்பமாட்டார்கள்?

நம்பிய பிறகு நடப்பதைப் பாருங்கள். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். சில நாள் டப்பாப் பால் கொடுத்தால் தாயின் பால் வற்றத் தொடங்கும். அதன்பின் டப்பாவை விட முடியாது. விலையோ கட்டாது, ஆகவே தண்ணீரை அதிகமாகக் கலப்பார்கள். தண்ணீரும் சுத்தமில்லை. வயிற்றுப்போக்கு வரும்; குழந்தை போய்விடும்.

1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேச அவரை அழைத்தார்கள். 'பாலும் கொலையும்' என்று தலைப்புக் கொடுத்தார். இப்படிப் பொய்ப் பிரசாரத்தால் சாகும் குழந்தைகளின் சாவைக் கொலையாகவே கருத வேண்டும் என்று அந்தச் சபையில் துணிந்து சொன்னார்.

மூன்றே வருஷத்தில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அவரும் சாங்கிச் சிறைக்குப் போனார். அரைப் பட்டினி, நோய், டப்பாப் பாலுக்கு வழியில்லை. அந்தச் சிறைவாசத்தில் இருபது குழந்தைகள் பிறந்தன. இருபதுக்கும் தாய்ப்பால்தான். இருபதும் பிழைத்தன. பட்டினி கிடந்த தாய்க்கு ஊறிய பால், வெளியே இருந்த தாய்க்கு ஏன் வற்றியது? பக்கத்தில் நின்று "உன்னால் முடியும்" என்பவர் இருந்தால் ஒரு விதம். "உன் பால் போதாது" என்பவர் இருந்தால் வேறு விதம்.

1981-ல் உலக சுகாதார மாநாடு, குழந்தைப் பால் விற்பனைக்கு விதிமுறைகள் வகுத்தது. ஆதரவு 118, எதிர்ப்பு ஒன்று, அமெரிக்கா. 1992-ல் இந்தியா அந்த விளம்பரங்களைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அதே வருஷம் வில்லியம்ஸ் தம் 98-வது வயதில் காலமானார்.

சட்டம் வியாபாரியை வாசலில் நிறுத்தும். நள்ளிரவில் அழும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, பால் போதவில்லையோ என்று கலங்கும் பெண்ணுக்குத் தைரியம் சொல்ல அதனால் ஆகாது. அது வீட்டில் இருக்கும் நம்முடைய வேலை.