காந்தி விலக்கு அளித்த இயந்திரம்

இன்றைக்குத் தையல் மிஷின் பற்றிக் கொஞ்சம் வரலாறு.

1924இல் டெல்லியில் ஓர் இளைஞர் காந்தியடிகளைச் சந்தித்து, நீங்கள் எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். அவர் ஜி. ராமச்சந்திரன். பின்னாளில் 1947இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரோடு சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியவர். இந்த உடம்பே ஓர் இயந்திரம்தான், ராட்டையும் இயந்திரம்தான் என்றார் காந்தி. மனிதனை வேலையற்றவனாக்கும் இயந்திர மோகத்தைத்தான் அவர் எதிர்த்தார். விலக்கு அளிக்கத் தக்கதென்று அவர் எடுத்துச் சொன்னது சிங்கர் தையல் இயந்திரத்தை. மனைவி கையால் தைத்துப் படும் பாட்டைப் பார்த்து, அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்றும் சொன்னார்.

வரலாறு அப்படி இல்லை. ஐசக் சிங்கர் 1851இல் காப்புரிமை பெற்றது வருமானத்துக்காகத்தான். அவருக்கு முன்பே 1846இல் எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கியிருந்தார். அவர் வழக்குப் போட, சிங்கர் பணம் கட்ட வேண்டியதாயிற்று. ஆனாலும் காந்தி வைத்த அளவுகோல் தப்பில்லை. கருவி யார் கையில் இருக்கிறது, யாருடைய பாட்டைக் குறைக்கிறது என்பதே கேள்வி.

அந்த அளவுகோலால் மிஷினோடு வந்த உதிரிக் கால்களையும் பார்க்கலாம். 1889இல் சிங்கர் கம்பெனி, விரித்தால் தட்டையாகவும் மடித்தால் பெட்டியாகவும் ஆகும் மரப்பெட்டி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றது. ஓரம் மடிக்கும் ஹெம்மர், சுருக்கு வைக்கும் ரஃப்ளர், பட்டி வைக்கும் பைண்டர் எல்லாம் அதற்குள் தனித்தனி இடத்தில் இருக்கும். பாவாடைக்குக் கொசுவம் வைக்க, நூலோட்டி விரலால் இழுத்துச் சுருக்குவது அரை நாள் வேலை. ரஃப்ளரின் கவட்டைக் கை ஊசித் திருகைப் பற்றிக்கொண்டு, ஊசி ஏறி இறங்கும் அசைவிலேயே துணியை மடித்துத் தள்ளிவிடும்.

எங்கள் தேவனூர் நாட்டில் பழைய மிஷின்களைப் பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்கிறார். கொடுப்பதற்கு முன் ஒருமுறை முயன்று பாருங்கள். இறுகிய எண்ணெய்ப் பிசினை மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துத் துடையுங்கள். தங்கப்பூ ஓவியத்தின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மிஷின் ஆயில் மட்டும் விடுங்கள். தேங்காய் எண்ணெய் விட்டால் மறுபடி பிசின்தான். உதிரிக் காலைப் பூட்டியதும் மிதிக்காதீர்கள். சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, ஊசி எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்த பிறகே மிதிக்கவும். கால் பூட்டும் தண்டின் உயரம் ஒத்துவந்தால், சிங்கர் பெட்டிச் சாமான் உஷா மிஷினுக்கும் பொருந்தும்.

மிஷின் சிங்கராக இருந்தால் எண்ணைப் பாருங்கள். 1900க்குப் பிறகு வந்ததென்றால் எண்ணுக்கு முன் எழுத்து இருக்கும். எந்த ஆண்டு, எந்த ஆலை என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். பல மிஷின்கள் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் பிறந்தவை. 1885இல் தொடங்கிய அந்த ஆலை 1980இல் மூடப்பட்டது. அங்கே செய்த மிஷின் இன்னும் ஓடுகிறது.

சொந்த மிஷினில் சுருக்கு வைத்துப் பிள்ளைகளுக்குக் கவுன் தைத்துச் சந்தையில் விற்கும் பெண்ணுக்கு முதலாளி யாரும் இல்லை. மிச்சமாகும் அரை நாளும் அவளுடையதே. காந்தி விலக்கு அளித்ததன் பொருள் அதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு பெட்டி இருந்தால், படம் எடுத்துப் போடுங்கள். எந்தக் கால் எதற்கு என்று சேர்ந்து கண்டுபிடிப்போம்.