ஊவா தோட்டங்களில் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும்

இலங்கையின் ஊவா மாகாணத்தில், அப்புத்தளை, பண்டாரவளை, ஹாலிஎல, பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழர் 'சீனி', 'பிரஷர்' என்று சொல்லும் இரு நெடுநாள் நோய்கள் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும். பதுளை மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மலையகத் தமிழர்.

2005–06இல் நடந்த நாடளாவிய ஆய்வு, வயது வந்தோரில் 10.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது, நகரத்தில் 16.4, கிராமத்தில் 8.7. இதை வைத்து, மலையேறி உழைப்பவரைச் சீனி அண்டாது என்று முடிவுகட்டுவது ஆபத்து. எடை குறைந்து பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இவ்விரு நோய்களும் வரும் வாய்ப்பு கூடுதல். தோட்டங்களில் ஊட்டக்குறை அதிகம்: 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் 32 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியிருந்தனர். நாட்டின் சராசரி 17. சாப்பாடும் ஒரு காரணம். பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போகுமுன் கோதுமை மா ரொட்டி, உறைப்பும் உப்புமான சம்பல், சீனி போட்ட தேத்தண்ணி, கறிக்குக் கருவாடு. மலிவாகப் பசியடக்கும் இந்தச் சாப்பாட்டில் மாவும் உப்பும் மிகுதி, காய்கறி குறைவு. வேலையிலிருந்து ஓய்ந்தபின் நடை நின்றுவிடுகிறது, சாப்பாடு மாறுவதில்லை.

நீரிழிவால் உணர்வு மங்கிய காலில் முள் குத்துவது தெரிவதில்லை. கவனிக்காத புண் விரலையோ காலையோ எடுக்கும் நிலைவரை போகக்கூடும். கொழுந்து பறிப்பவருக்குக் கால் போவது பிழைப்பே போவது.

தோட்ட மருத்துவம் வேறு நோய்களுக்காகக் கட்டப்பட்டது. 1912இன் மருத்துவத் தேவைகள் சட்டமும், 1916இல் ராக்பெல்லர் நிறுவனம் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பும் தொழிலாளியை விரைவில் மலைக்குத் திருப்பியனுப்பும் நோக்கத்துக்கு உதவின. சீனியும் பிரஷரும் ஆயுள் முழுவதும் மாதாமாதம் மருந்து கேட்பவை. அரசு கிளினிக்கில் மருந்து இலவசம். 2011 முதல் திறக்கப்பட்ட ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் பரிசோதனையும் இலவசம். ஆனால் நாட்கூலிக்காரருக்குக் கிளினிக் நாள் சம்பளமில்லாத நாள், அதன்மேல் பஸ் காசு. 2016 தோட்டத் தொழிலாளர் கூட்டு ஒப்பந்தத்தில் நாளொன்றுக்கு 500 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தோடு 60 ரூபாய் வரவுக் கொடுப்பனவு இருந்தது. அது 75 விழுக்காடு வேலைநாட்களுக்கு வந்தவர்களுக்கே. தலைசுற்றாத மாதத்தில் மாத்திரையைத் தள்ளிப்போடுவதை அறியாமை என்பது அநியாயம்.

1964, 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தங்களின்படி தாயகம் திரும்பியோரும், 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பின் அகதியாகப் போனோருமாக மலையகத்தார் பலர் தமிழ்நாட்டில் குடியேறினர். அங்கே 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இவ்விரு நோய்களுக்கான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. ஊவாவின் லயங்களுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வேண்டியதும் இதுவே.