வெட்டுக்கிளியின் இரு நிறங்கள்

தனித்து வாழும் வெட்டுக்கிளியின் இளம்பூச்சி பச்சையாகவோ மங்கிய பழுப்பாகவோ இருக்கும். கூட்டமாகத் திரிவதோ கருமையும் செம்மஞ்சளும் கலந்து தோன்றும். ஆகவே இவை வெவ்வேறு இனங்கள் என்றே அறிஞர் நெடுங்காலம் கருதினர். ருஷ்யாவில் பிறந்த பூச்சியியல் அறிஞர் போரிஸ் உவாரவ், இவை ஓரினத்தின் இரு நிலைகளே என 1921-இல் எடுத்துரைத்தார். நெருக்கத்தில் வளர்ந்தால் நிறம் மாறும் என்பதைப் பிற்காலச் சோதனைகள் உறுதிப்படுத்தின.

ஆனால் நெருக்கம் நிறமாவது எங்ஙனம்? இதற்கு விடை, பூச்சியின் தலையிலுள்ள சுரப்பிகளில் இருந்தது. அவற்றுள் ஒன்று சுரக்கும் இளமை ஹார்மோன் பச்சை நிறத்தைத் தருவது என 1950களில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் கண்டனர். கருமைக்குக் காரணம் நெடுநாள் மறைந்தே இருந்தது. ஒக்கினாவாத் தீவிலிருந்து கிடைத்த வெளிறிய வெட்டுக்கிளிகளே வழிகாட்டின. அவற்றின் உடலில் கொரசோனின் என்னும் ஹார்மோன் இல்லை. அதனைச் செலுத்தியதும் அவை கருத்தன. இச்செய்தி 1999-இல் வெளியாயிற்று. கரப்பான் பூச்சியின் இதயத் துடிப்பை விரைவாக்கும் பொருளாக 1989-இல் அறிமுகமானதும் இந்தக் கொரசோனினே!

இளம்பூச்சிகள் கருக்கத் தொடங்கின், படை திரள்கிறது என்று பொருள். பயிரைக் காப்போருக்கு அந்நிறமே முன்னெச்சரிக்கை.