அப்பத்தாவின் கண்ணாடி



மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். விடுதி மெஸ் கதையை எப்படியும் யாராவது எழுதிவிடுவார்கள். பொருளாதாரம் படித்தவன் என்ற உரிமையில் நான் ஒரு வைத்தியக் கணக்கை எழுதுகிறேன்.

கம்பத்திலிருந்து விடிகாலை ஜீப் ஏறி, மலைக்கு மேலே ஏலத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனவர் என் அப்பத்தா. 1987ல் ஒரு இலவச முகாம் மூலம் அவருக்குப் புரை எடுத்தார்கள். கண்ணுக்குள் லென்ஸ் கிடையாது, சோடாபுட்டிக் கண்ணாடிதான். அன்றைய வழக்கம் அது. ஒருநாள் தோட்டத்தில் வழுக்கி விழுந்ததில் கண்ணாடி உடைஞ்சு போச்சு. அது இல்லாவிட்டால் ஆபரேஷன் செய்த கண்ணுக்கு எல்லாமே கலங்கல். புதுசு வாங்கும்வரை மூன்று வாரக் கூலி போனது. அதே வருஷம் எங்கள் தெரு மிராசுதார் காசு கொடுத்து லென்ஸ் வைத்துக்கொண்டு, பஸ் போர்டைக் கண்ணாடியில்லாமல் படித்தார். ஒரே நோய்தான், பார்வை மட்டும் பணத்துக்குத் தக்கபடி!

அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1985ல் தேனிக்கும் வந்தது. (தேனி தனி மாவட்டமானது 1996ல்தான்.) காசுள்ளவர் கட்டுகிற கட்டணத்தில் இல்லாதவருக்கும் வைத்தியம். ஒரு டாக்டருக்கு இரண்டு டேபிள். ஒரு கண் முடிந்ததும் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். கட்டடம், கருவி, சம்பளம் எல்லாம் எப்படியும் ஆகிற செலவு. எண்ணிக்கை கூடினால் தலைக்கு ஆவது குறையும். வகுப்பில் தூங்கிக்கொண்டே கேட்டோமே, 'நிலையான செலவு', அதேதான்! இதற்கு அவர் உதாரணம் காட்டியது அமெரிக்காவின் மெக்டொனால்ட்ஸ் கடைகளை.

ஆனால் இலவசம் என்றதும் கூட்டம் வந்துவிடவில்லை. பஸ் சார்ஜ் யார் கொடுப்பது? துணைக்கு வருகிறவர் கூலி? முகாமிலிருந்து வண்டியில் கூட்டிப்போய், சோறு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் ஜனங்கள் துணிந்து வந்தார்கள். இதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

லென்ஸ்தான் பெரிய சிக்கல். வெளிநாட்டு லென்ஸ் ஒன்று சுமார் 100 டாலர். எல்லா ஏழைக்கும் வைத்தால் கணக்கு உதைக்கும். ஏழை நாட்டுக்கு அது ஆடம்பரம் என்று நிபுணர்களே பேசிய காலம். 1992ல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கி லென்ஸ் செய்தார்கள். விலை சுமார் 10 டாலருக்கு இறங்கியது. அதற்குப் பிறகு 'ஆடம்பரம்' என்ற பேச்சு மெல்ல அடங்கியது.

குறையே இல்லையா? இலவசப் பகுதியில் பாய், கட்டணப் பகுதியில் ஏ.சி. அறை. லென்ஸ் ரகத்திலும் வித்தியாசம் உண்டு. பாயை நான் ஒத்துக்கொள்கிறேன். டாக்டர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறி வேலை பார்ப்பதால். இன்னொன்று, புரை ஒரு ஆபரேஷனோடு முடிகிற நோய். மாதாமாதம் மாத்திரை கேட்கும் சர்க்கரைக்கும், டயாலிசிஸ் கேட்கும் சிறுநீரகத்துக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

1996ல் அப்பத்தாவின் அடுத்த கண்ணுக்குத் தேனிக்குக் கூட்டிப்போனேன். வருமானச் சான்று யாரும் கேட்கவில்லை. எந்தப் பக்கம் போவது என்பது நம் விருப்பம். நான் இலவசப் பக்கம் திரும்பினேன். அப்பத்தா சுருக்குப் பையை அவிழ்த்தார்.

"ஆட்டை வித்த காசு இருக்குடா. கட்டுறவுக பக்கமே போவோம். எனக்குப் பின்னாடி ஒருத்தி வருவாள்ல?"